வழிப்பறி வழக்கில் எதிரி தரப்பு: முதல் வாரத்தில் எதைப் பிடிக்க வேண்டும்?

புதுவக்காலத்து

வணக்கம். கொலை வழக்கு, போதைப்பொருள் வழக்கு பற்றி இங்கே நீண்ட இழைகள் இருக்கின்றன. வழிப்பறிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் புதிதாக வக்காலத்து போடுகிறவர் கையில் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் வழிப்பறி வழக்குதான். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சிறையில் இருப்பார். நம்மிடம் எஃப்.ஐ.ஆர். நகலும், காவலில் வைக்கக் கேட்டு போலீஸார் கொடுத்த ரிமாண்டு அறிக்கையும் மட்டும் இருக்கும். இந்த இரண்டை வைத்து முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்? எதைத் தவறவிட்டால் விசாரணையில் மீட்கவே முடியாது? பிரிவு, அடையாள அணிவகுப்பு (வரிசையில் நிற்பவர்களில் எதிரியைச் சாட்சி காட்டுவது), பொருள் மீட்பு, ஜாமீன் எல்லாவற்றையும் பேசலாம். வழக்கு எண், பெயர் எதையும் போடாதீர்கள்.

பழைய_கோப்பு

முதலில் பிரிவைப் பாருங்கள். 1.7.2024க்கு முன் நடந்த சம்பவம் என்றால் இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 392, 394, 397தான். அதற்குப் பின் என்றால் அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 309, 311. சம்பவ தேதிதான் இதை முடிவு செய்யும், எஃப்.ஐ.ஆர். போட்ட தேதி அல்ல.

309இன் உட்பிரிவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 309(4) சாதாரண வழிப்பறி, 10 ஆண்டு வரை கடுங்காவல். சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை. 309(5) முயற்சி, 7 ஆண்டு வரை. 309(6) காயம் ஏற்படுத்தி வழிப்பறி, ஆயுள் வரை போகும். 311 ஆயுதம் பயன்படுத்தியது அல்லது கொடுங்காயம், 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் 310, கூட்டுக்கொள்ளை.

அடுத்து, இது வழிப்பறிதானா என்ற கேள்வி. எல்லா வழிப்பறிக்குள்ளும் ஒரு திருட்டோ மிரட்டிப் பறித்தலோ இருக்கும். அதை வழிப்பறியாக்குவது காயம், தடுத்து நிறுத்துதல், அல்லது அந்தக் கணமே காயமோ தடுப்போ நேரும் என்ற அச்சம். அதுவும் திருடுவதற்காகவோ, திருடியதைக் கொண்டுபோவதற்காகவோ செய்யப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தில் உள்ள 'அந்த நோக்கத்துக்காக' என்ற சொல் வெறும் அலங்காரம் அல்ல. எடுத்த பையைக் கீழே போட்டுவிட்டு, பிடிக்க வந்தவரைத் தள்ளிவிட்டுத் தப்பி ஓடினால் அது திருட்டு, தனியே ஒரு காயக் குற்றம். வழிப்பறி ஆகாது. இந்த இடத்தைப் பலர் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

புதுவக்காலத்து

பைக்கில் வந்து செயினைப் பறித்துக்கொண்டு போவது இப்போது 304 பி.என்.எஸ். தானே? அதற்கும் 309(4) போட்டிருக்கிறார்களே?

பழைய_கோப்பு

304 புதிதாக வந்த 'பறிப்பு' பிரிவு. திடீரென்று, விரைவாக அல்லது பலவந்தமாகப் பறித்தல். 3 ஆண்டு வரைதான். ஆனால் ஜாமீனில் விட முடியாத குற்றம், அதை மறக்க வேண்டாம். 309(4)க்கும் 304க்கும் நடுவே உள்ள கோடு காயமும் அச்சமும். புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். 'கண்ணிமைக்கும் நேரத்தில் பறித்துச் சென்றுவிட்டார்' என்றால் 304. 'கத்தியைக் காட்டி மிரட்டி' என்றால் 309. 'கழுத்தில் சிராய்ப்பு' என்றால் காயச் சான்றிதழ் எங்கே, எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். புகாரில் சிராய்ப்பே இல்லாமல் இரண்டு நாள் கழித்துத் துணை வாக்குமூலத்தில் மட்டும் வந்தால், அந்த வித்தியாசத்தை ஜாமீன் மனுவிலேயே ஒரு பத்தியாக எழுதிவிடுங்கள்.

பிரிவு 304 ஆகக் குறைந்தால் மூன்று மாறும். 7 ஆண்டுக்குக் கீழே என்பதால் கைதுக்கே காரணம் எழுத வேண்டும் (அர்னேஷ் குமார் தீர்ப்பு, 2014). குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் என்பதில் சந்தேகமே இருக்காது. ஜாமீன் மனுவின் எடையும் மாறும்.

311க்கு ஒரு வார்த்தை. ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு மட்டும்தான் அந்தப் பிரிவு. கூட நின்றவருக்குக் கூட்டுப் பொறுப்பாகப் போட முடியாது. பழைய 397இல் பூல் குமார் (1975), திலாவர் சிங் (2007) தீர்ப்புகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் 'கத்தியால் குத்தவில்லை, கையில் வைத்திருந்தார், அவ்வளவுதான்' என்ற வாதம் செல்லாது. பாதிக்கப்பட்டவர் கண்ணில் படும்படி வைத்திருந்தாலே 'பயன்படுத்தியது' ஆகிவிடும். மூன்று எதிரிகள், ஒரு கத்தி என்றால் யார் கையில் இருந்தது என்று எஃப்.ஐ.ஆர். சொல்கிறதா? சொல்லாவிட்டால் மற்ற இருவருக்கும் 311 எப்படி வந்தது என்று குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே கேளுங்கள்.

சட்டஉதவி_மேசை

பிரிவு பற்றி சார் சொன்னது சரி. ஆனால் முதல் வாரம் என்றால் நான் தேதியையும் நேரத்தையும்தான் முதலில் வைப்பேன். வழிப்பறி வழக்கு இரண்டு காலில் நிற்கிறது: அடையாளம், பொருள் மீட்பு. இரண்டும் உருவாவது கைதுக்கு முன்னும் பின்னுமாக ஓரிரு நாளில். அந்த நாட்களை மணிக்கணக்கில் குறித்து வைக்காவிட்டால், ஒரு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் கேட்க நம்மிடம் ஒன்றும் இருக்காது.

குடும்பத்தாரை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். போலீஸார் வீட்டுக்கு வந்தது எந்தக் கிழமை, எத்தனை மணி, சீருடையா மப்டியா, எந்த வண்டி, யார் யார் பார்த்தார்கள், அன்று இரவு யாருக்கு எத்தனை முறை போன் செய்தார்கள், எந்த ஸ்டேஷனில் போய் நின்றார்கள். விரைவுத் தபால், ஆன்லைன் புகார், 100க்கு அழைப்பு என்று எதையாவது செய்திருந்தால் அதன் ரசீது, அழைப்பு விவரம். ரிமாண்டு அறிக்கை 'வாகனத் தணிக்கையின்போது சந்தேகப்படும்படி வந்தவரை காலை 6 மணிக்கு' என்று சொல்லும். வீட்டிலிருந்து கூட்டிப்போனது முந்தைய நாள் மாலை என்றால், 24 மணி நேரக் கணக்கும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 58) ஒப்புதல் வாக்குமூலமும் சேர்ந்தே ஆட்டம் காணும்.

போலீஸ் ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவு இதற்கு நேரடி ஆதாரம். பரம்வீர் சிங் சைனி (2020) தீர்ப்பின்படி ஸ்டேஷன் கேமரா பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த அளவு வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். எந்தத் தேதி, எந்த மணி முதல் எந்த மணி வரை என்று குறிப்பிட்டு, பதிவை அழியாமல் பாதுகாக்கும்படி மாஜிஸ்திரேட்டிடம் உடனே மனு போடுங்கள். பாதுகாக்கச் சொல்வது வேறு, நகல் கேட்பது வேறு. நகலுக்கு 'இப்போது கிடையாது' என்று உத்தரவு வரலாம். பாதுகாக்கச் சொல்வதை மறுப்பது கடினம்.

ரிமாண்டின்போது நேரிலோ காணொலியிலோ எதிரியைக் காட்டும்போது காயம் உள்ளதா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பயத்தில் பலர் 'இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தை கடைசி வரை துரத்தும். ரிமாண்டுக்கு முன் எதிரியிடம் இரண்டு நிமிடமாவது பேசுங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை பி.என்.எஸ்.எஸ். 38இல் இருக்கிறது. கைதுக்கான காரணத்தை உரிய முறையில் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று விஹான் குமார் (2025) சொல்கிறது. கைதுக் குறிப்பில் கையெழுத்து இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது, உறவினர் யாருக்குத் தகவல் போனது என்பதையும் பாருங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு: காவலில் உள்ளவர் யாராக இருந்தாலும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவிக்கு உரியவர். 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவு. 15100க்கு அழைக்கலாம், சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்திலும் மனு கொடுக்கலாம்.

மகஜர்_வாசகன்

மேடம் சொன்ன அடையாளக் காலை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எஃப்.ஐ.ஆரில் 'அடையாளம் தெரியாத இரண்டு நபர்கள்' என்று இருந்தால், அங்க அடையாளம் ஏதாவது எழுதியிருக்கிறதா? வயது, உயரம், நிறம், சட்டை, தாடி, பேச்சு? ஒன்றுமே இல்லாமல் 'பார்த்தால் அடையாளம் காட்டுவேன்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் அது நமக்கு முக்கியமான வரி. சம்பவம் இரவு என்றால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? பார்வை மகஜரிலும் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) மாதிரி வரைபடத்திலும் தெருவிளக்கு காட்டப்பட்டிருக்கிறதா? எத்தனை அடி தூரம்? ஹெல்மெட்டா, முகக்கவசமா? எத்தனை நொடி பார்த்தார்? இதையெல்லாம் குறுக்கு விசாரணை வரை நம் நோட்டில் மட்டும் வைத்திருங்கள்.

அணிவகுப்பு நடந்ததா என்பது அடுத்தது. சிறையில் மாஜிஸ்திரேட் நடத்துவார், போலீஸார் அங்கே இருக்கக் கூடாது. அணிவகுப்பு அறிக்கை கைக்கு வந்ததும் நான் பார்க்கும் வரிசை இது: கைதான தேதிக்கும் அணிவகுப்புத் தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி, ஒரு எதிரிக்கு எத்தனை பேரைக் கலந்து நிறுத்தினார்கள், அவர்களின் வயதும் உயரமும் எழுதப்பட்டிருக்கிறதா, எதிரிக்கு மட்டும் கட்டு, தழும்பு, மொட்டைத் தலை என்று தனித்துத் தெரியும்படி ஏதாவது இருந்ததா, ஒவ்வொரு சாட்சிக்கும் இடம் மாற்றினார்களா, இரண்டு எதிரிகளை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்களா, 'உங்களுக்கு ஆட்சேபணை உண்டா' என்று எதிரியிடம் கேட்டதற்கு என்ன பதில் பதிவாகியிருக்கிறது.

அந்தக் கடைசி வரி தங்கம். 'என்னை ஸ்டேஷனில் வைத்தே இவரிடம் காட்டினார்கள்', 'என் போட்டோவை செல்போனில் காட்டினார்கள்' என்று எதிரி அங்கேயே சொன்னால் அது மாஜிஸ்திரேட் கையெழுத்தில் பதிவாகும். அங்கே சொல்லாமல் விசாரணையில் முதல் முறையாகச் சொன்னால் யோசித்துச் சேர்த்த கதை என்பார்கள். நடந்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும் என்று எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கைதான மறுநாள் செய்தித்தாளிலோ வாட்ஸ்அப்பிலோ படம் வந்திருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு எடுத்து வையுங்கள். அணிவகுப்புக்கு முன்பே சாட்சிகள் எதிரியைப் பார்த்துவிட்டால் அந்த அடையாளத்துக்கு மதிப்பில்லை. கிரீசன் நாயர் (2022) இதை விரிவாகவே பேசுகிறது.

அணிவகுப்பே நடக்கவில்லை என்றால் வழக்கு தானாக விழுந்துவிடாது. அணிவகுப்பு தனிச் சாட்சியம் அல்ல, கோர்ட்டில் காட்டும் அடையாளம்தான் சாட்சியம் என்று மால்கான்சிங் (2003) சொல்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை ஒரு வருடம் கழித்துக் கூண்டில் முதல் முறையாகக் காட்டுவது பலவீனமான அடையாளம். கூண்டில் நிற்பவர் ஒருவர்தான், கை யாரை நோக்கி நீளும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

புதுவக்காலத்து

ஏற்கெனவே காட்டிவிட்டார்கள் என்றால் அணிவகுப்புக்கே மறுத்துவிடலாம் இல்லையா?

கச்சேரி_குறிப்பு

ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள். முகேஷ் சிங் (2023) தீர்ப்புக்குப் பிறகு அது ஆபத்து. அணிவகுப்பில் நிற்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வது ஆகாது, மறுக்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் பாதகமான அனுமானம் வரும். போய் நிற்கட்டும், ஆட்சேபணையைப் பதிவு செய்யட்டும். மறுப்பதைவிட இது எப்போதும் வலுவானது.

பழைய_கோப்பு

முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். அந்தத் தீர்ப்பிலேயே, மறுத்ததை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்பதும் இருக்கிறது. படம் ஊரெல்லாம் வந்த பிறகு நடக்கும் அணிவகுப்பில் நின்று, சாட்சி சரியாகக் காட்டிவிட்டால் அதன் பாதிப்பும் பெரிது. ஆனால் புதியவர்களுக்குச் சொல்வதென்றால் நீங்கள் சொன்னதே பத்திரமான வழி.

மகஜர்_வாசகன்

இனி பொருள் மீட்பு. நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

போலீஸாரிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 மூன்றும் இப்போது பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 23இல் ஒன்றாக இருக்கின்றன. 27இன் விதிவிலக்கு 23(2)இன் வரம்புரையாக வந்திருக்கிறது. ஏற்கத்தக்கது, ஒரு பொருளைக் கண்டுபிடிக்க நேரடியாக வழிகாட்டிய வரி மட்டும். புலுக்குரி கோட்டையா (1947) தீர்ப்பு வந்து இத்தனை காலமாகியும் பத்துப் பக்க வாக்குமூலத்தை முழுதாகக் குறியீடு செய்யப் பார்ப்பார்கள். 'ஏற்கத்தக்க பகுதி மட்டும் அ.சா.ஆ. (அரசுத் தரப்பு சான்று ஆவணம்)' என்று அந்த நிமிடமே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். 'செயினை இன்ன இடத்தில் மறைத்து வைத்திருக்கிறேன், அழைத்துச் சென்றால் எடுத்துத் தருகிறேன்' என்பது மட்டும் வரும். 'இன்னாரிடம் பறித்த' என்ற சொற்கள் வராது.

வாக்குமூலத்தையும் கைப்பற்றுதல் மகஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாக்குமூலம் காலை 7.00 மணி. மகஜர் 7.45 மணி. இடையில் 22 கிலோமீட்டர். ஆறு பக்க வாக்குமூலத்தைக் கையால் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, வண்டியில் ஏறி, அங்கே போய், தோண்டி எடுத்து, மகஜர் எழுத 45 நிமிடம் போதுமா? இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். அடுத்து சாட்சிகள். அதே இரண்டு பேர் வாக்குமூலத்துக்கும், மூன்று எதிரிகளின் மூன்று மகஜருக்கும் கையெழுத்து போட்டிருப்பார்கள். அவர்கள் எந்த ஊர், அங்கே எதற்கு வந்தார்கள், அதே ஸ்டேஷனின் வேறு வழக்குகளில் சாட்சியாக இருக்கிறார்களா? சொன்னதைக் கேட்டார்களா, எழுதி முடித்த தாளில் கையெழுத்து மட்டும் போட்டார்களா? மீட்பை எப்படிப் பதிவு செய்ய வேண்டும், சாட்சிகள் எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு ராமானந்த் (2022) தீர்ப்பைப் படியுங்கள்.

எடுத்த இடம் முக்கியம். பூட்டிய வீட்டின் பீரோவா, வழிப்போக்கர் எல்லாரும் போகும் புதரா? எல்லாரும் எட்டக்கூடிய இடத்தில் கிடைத்ததை வைத்து எதிரி கைவசம் இருந்ததாகச் சொல்ல முடியாது என்று திரிம்பக் (1954) தீர்ப்பே சொல்கிறது. போலீஸாருக்கு அந்த இடம் முன்பே தெரியும் என்றால் அது 'கண்டுபிடிப்பு' ஆகாது. முதல் எதிரி காட்டிய இடத்தையே இரண்டாம் எதிரியும் 'காட்டினார்' என்றால் இரண்டாவது மகஜர் வெறும் காகிதம்.

புதிய சட்டத்தில் ஒரு வசதி. பி.என்.எஸ்.எஸ். 105இன்படி தேடுதல், கைப்பற்றுதல் முழுவதையும், பொருள் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது உட்பட, ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். பதிவு உண்டா? எப்போது அனுப்பினார்கள்? வீடியோ எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் எதிரி குனிந்து பொருளை எடுக்கும் காட்சியிலிருந்துதான் ஓடும். அதற்கு முன் நடந்தது இருக்காது. நகல் கேட்டு மனு போடுங்கள், இல்லை என்றால் இல்லை என்றே பதில் வாங்குங்கள்.

சட்டஉதவி_மேசை

நகை என்றால் எடை. புகாரில் 'சுமார் 5 சவரன்', மகஜரில் 38 கிராம், கோர்ட்டுக்குப் போன படிவத்தில் 36.5 கிராம். சவரன் 8 கிராம் என்றால் 5 சவரன் 40 கிராம். அறுந்த செயின் குறையலாம், அதற்குப் பதில் இருக்கும். ஆனால் மகஜருக்கும் கோர்ட் படிவத்துக்கும் நடுவே 1.5 கிராம் எப்படிக் குறைந்தது? சீல் வைத்தார்களா? எடை போட்டது யார், எந்தத் தராசு? பொருள் கோர்ட்டுக்கு எந்தத் தேதியில் போனது? நடுவில் இருந்த நாட்களில் எங்கே இருந்தது?

பொருளைப் புகார்தாரர் அடையாளம் காட்டியது எப்படி என்பதும் உண்டு. அதே மாதிரி நகைகளோடு கலந்து வைத்துக் காட்டினார்களா, அல்லது மேஜையில் ஒற்றைச் செயினை வைத்து 'இதுதானே' என்றார்களா? கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்கும் டிசைன் என்றால் தனி அடையாளம் என்ன? பில் இருக்கிறதா, பில்லில் உள்ள எடை என்ன? செல்போனாக இருந்தால் ஐ.எம்.இ.ஐ. எண் எஃப்.ஐ.ஆரிலேயே இருந்ததா, மீட்ட பிறகு வந்ததா?

ரொக்கம் பற்றிச் சுருக்கமாக: நோட்டு எண் குறிக்காத ரொக்க மீட்புக்கு மதிப்பு மிகக் குறைவு.

பழைய_கோப்பு

மீட்பு நிரூபணமானாலும் வழிப்பறி தானாக நிரூபணமாகாது. பி.எஸ்.ஏ. 119இன் முதல் எடுத்துக்காட்டு: திருட்டு நடந்த உடனே பொருள் கைவசம் இருந்தால், விளக்கம் சொல்லாவிட்டால், திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவர் என்று கோர்ட் அனுமானிக்கலாம். 'அனுமானிக்கலாம்', கட்டாயமில்லை. கை மாறும் பொருள், மூன்று மாதம் கழித்து மீட்பு என்றால் 'உடனே' என்பது போய்விடும். அடையாளம் விழுந்து மீட்பு மட்டும் நின்றால் மாற்று வாதமாக பி.என்.எஸ். 317(2) (திருட்டுப் பொருளை வாங்குதல்) மட்டும்தான் வரும் என்று கேட்கலாம். அது 3 ஆண்டு வரை. மாற்று வாதம் வைப்பது முதல் வாதத்தைக் கைவிடுவது ஆகாது, எழுத்து வாதத்தில் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

கச்சேரி_குறிப்பு

சம்பவ இட சி.சி.டி.வி.க்கு வருகிறேன். கடைகளின் டி.வி.ஆர். பழைய பதிவின் மேல் எழுதிக்கொண்டே போகும், வட்டின் அளவைப் பொறுத்து சில நாளோ சில வாரமோதான் நிற்கும். எதிரி அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்தார் என்பது நம் வாதமானால், அந்த வேறிடத்தின் பதிவை முதல் வாரத்தில் கேட்காவிட்டால் அது போனது போனதுதான். வேறிட வாதத்தை நிரூபிக்கும் சுமை நம் மேல். அரைகுறையாக வைத்தால் வைக்காமலிருப்பதைவிட மோசம். சம்பவ இடத்துக்கும் அந்த இடத்துக்கும் உள்ள தூரம், அந்த நேரத்தில் வந்துபோக முடியாது என்ற நிலை, இரண்டும் வேண்டும்.

அரசுத் தரப்பு வீடியோ காட்டினால் பி.எஸ்.ஏ. 63இன் சான்றிதழ் எங்கே என்று பாருங்கள். புதிய படிவத்தில் இரண்டு பகுதி: சாதனத்தை வைத்திருந்தவர் தருவது ஒன்று, நிபுணர் தருவது ஒன்று. ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) எழுதியிருக்க வேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்பதை அர்ஜுன் பண்டிட்ராவ் (2020) உறுதி செய்தது. ஆனால் அதே தீர்ப்பு, விசாரணை முடிவதற்குள் தாமதமாகத் தாக்கல் செய்யவும் இடம் தருகிறது. ஆகவே அதை மட்டும் நம்பி இருக்காமல், வீடியோவில் முகம் தெரிகிறதா, கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். கடிகாரம் 40 நிமிடம் முன்னே ஓடும் கேமராக்கள் நிறைய உண்டு.

டவர் விவரத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். ஒரு டவர் கீழே இருந்தார் என்பது அந்தத் தெருவில் இருந்தார் என்று ஆகாது. இது நமக்கும் பொருந்தும், அவர்களுக்கும் பொருந்தும்.

புதுவக்காலத்து

குற்றப்பத்திரிகை கெடு நாளுக்குள் வராவிட்டால் உரிமையாகக் கிடைக்கும் ஜாமீன் கணக்கைச் சொல்லுங்கள் சார். 60ஆ 90ஆ என்பதில்தான் எப்போதும் சண்டை.

பழைய_கோப்பு

309(6) ஆயுள் வரை போகும், 90 நாள். 309(4)தான் சண்டை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167இல் '10 ஆண்டுக்குக் குறையாத' என்று இருந்தது. குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டாக இருந்தால்தான் 90 நாள் என்று ராகேஷ் குமார் பால் (2017) தீர்த்தது. புதிய பி.என்.எஸ்.எஸ். 187(3)இல் வார்த்தை '10 ஆண்டு அல்லது அதற்கு மேல்' என்று மாறியிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு அரசுத் தரப்பு 90 என்று வாதிடும். நாம் 60 என்றே மனு போட வேண்டும். மனு போடாவிட்டால் உரிமை எழுந்தும் பயனில்லை.

நாளை எண்ணுவதில் தவறு நடக்கிறது. ரிமாண்டு செய்த நாளும் கணக்கில் சேரும் (கபில் வாதவான், 2023). மார்ச் 5 ரிமாண்டு என்றால் மே 3 அறுபதாவது நாள். மே 4 காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும், மனுவின் எண்ணும் நேரமும் பதிவாக வேண்டும். மனு போன பிறகு அன்றைக்கே குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. எம். ரவீந்திரன் (2020) பார்க்கவும். ஒரு மணி நேரம் முந்தி குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் எல்லாம் போச்சு. இந்த ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொல்லும் நிபந்தனை போட முடியாது (சரவணன், 2020).

வழக்கமான ஜாமீனில் 'முன்வழக்குகள் உள்ளன' என்பது அரசுத் தரப்பின் நிரந்தர வரி. குற்ற எண், பிரிவு, இப்போதைய நிலை என்று ஒரு அட்டவணை போட்டு மனுவோடு கொடுங்கள். விடுதலையானவை, புலன்விசாரணையிலேயே முடிந்தவை, பெயர் ஒற்றுமையால் சேர்ந்தவை எல்லாம் அதில் தெரிந்துவிடும். வழக்குகள் நிலுவையில் இருப்பதே ஜாமீனை மறுக்கக் காரணம் ஆகாது என்று பிரபாகர் திவாரி (2020) சொல்கிறது. பி.என்.எஸ்.எஸ். 480 தடுப்பது முன் தண்டனையை, முன் வழக்கை அல்ல.

சட்டஉதவி_மேசை

நடைமுறையில் குடும்பங்களை உடைப்பது ஃபார்மல் அரெஸ்ட். ஒரு வழக்கில் பிடித்து, ஒப்புதலில் ஐந்து பழைய கண்டுபிடிக்காத வழக்குகளை எழுதி, ஒவ்வொன்றிலும் பி.டி. வாரண்டு (சிறையில் இருப்பவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் ஆணை) போட்டுக் கைது காட்டுவார்கள். வீட்டார் முதல் வழக்கில் ஜாமீன் வாங்கி, ஜாமீன்தாரரைக் கூட்டிக்கொண்டு சிறை வாசலில் போய் நின்றால், 'இன்னும் நான்கு இருக்கிறது' என்பார்கள். ஆகவே ஜாமீன் மனு போடும் முன் சிறையில் எத்தனை வாரண்டு நிலுவை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் ரிமாண்டு தேதி வேறு, 60 நாளும் வேறு. தனித்தனியாகக் காலண்டரில் குறியுங்கள். பழைய வழக்குகளில் எதிரியைக் கட்டுவது வெறும் ஒப்புதல்தான், மீட்பும் இல்லை, அணிவகுப்பும் இல்லை என்றால் அதையே ஜாமீனுக்குக் காரணமாக்குங்கள். பல வழக்குகளுக்கும் அதே ஜாமீன்தாரர்களை ஏற்கலாம் என்று கிரீஷ் காந்தி (2024) தீர்ப்பில் வழி இருக்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களுக்கு அதை மனுவோடு வையுங்கள்.

தடுப்புக் காவலுக்கான குண்டர் சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். தமிழ்நாடு சட்டம் 14/1982, ஆணை வந்தால் 12 மாதம் வரை. ஜாமீன் மனு நிலுவையில் இருப்பதையே 'வெளியே வந்துவிடுவார்' என்பதற்கு அடிப்படையாக எழுதுவார்கள். மனு எதுவும் நிலுவையில் இல்லாமல், அதே வழக்கில் உடன் எதிரிக்கு ஜாமீன் கிடைத்த விவரமும் காட்டாமல் போட்ட ஆணை நிற்காது என்று ரேகா (2011) சொல்கிறது. ஆணை வந்ததும் தேதிகளைக் குறியுங்கள்: காரணங்கள் 5 நாளுக்குள் தரப்பட வேண்டும், அரசு ஒப்புதல் 12 நாளுக்குள், அறிவுரைக் குழுமத்துக்கு 3 வாரத்துக்குள், குழுமத்தின் அறிக்கை 7 வாரத்துக்குள். முறையீட்டை உடனே அனுப்புங்கள். அரசு அதைப் பரிசீலிக்கத் தாமதித்த ஒவ்வொரு நாளும் ஆட்கொணர்வு மனுவில் பேசும். கொடுத்த நகல்களில் படிக்க முடியாத பக்கம், மொழிபெயர்ப்பு இல்லாத பக்கம் எது என்று பக்க எண்ணோடு எழுதி வையுங்கள். குண்டரில் இருக்கும்போது 60 நாள் மனுவை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆணை ரத்தான அன்று அடிப்படை வழக்கில் ஜாமீன் இல்லாமல் மாட்டிக்கொள்வார்கள்.

எதிரியின் வயது 18க்குக் கீழ் என்று சிறு சந்தேகம் வந்தாலும் பள்ளிச் சான்றிதழை அன்றே வாங்குங்கள். போலீஸார் எழுதும் '19' நம்பத்தக்கதல்ல. இளஞ்சிறார் என்று எந்தக் கட்டத்திலும் கோரலாம்.

புதுவக்காலத்து

புகார்தாரரோடு சமாதானம் ஆகிவிட்டால்?

கச்சேரி_குறிப்பு

வழிப்பறி சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528இல் ரத்து கேட்கலாம், ஆனால் கூட்டுக்கொள்ளை போன்ற கொடிய குற்றங்களைச் சமரசத்தால் ரத்து செய்ய முடியாது என்று கியான் சிங் (2012) சொல்கிறது. நடந்தது வாய்த்தகராறு, பணப் பாக்கி, அதை வழிப்பறியாக எழுதிவிட்டார்கள் என்ற வகை வழக்குகளில் மட்டும் முயலலாம். எதிரியின் குடும்பத்தார் நேராகப் புகார்தாரர் வீட்டுக்குப் போய்விடாமல் தடுப்பது நம் வேலை. 'சாட்சியை மிரட்டினார்கள்' என்று ஒரு மனு வந்தால் ஜாமீன் ரத்தாகும்.

மகஜர்_வாசகன்

குறுக்கு விசாரணை பற்றி ஒன்று. அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) புகார்தாரர். அவர் உண்மையிலேயே பறிகொடுத்தவராக இருக்கலாம். 'சம்பவமே நடக்கவில்லை' என்று அவரோடு சண்டை போடுவதால் பெரும்பாலும் நட்டம்தான். சம்பவம் நடந்திருக்கலாம், செய்தவர் இவர் அல்ல என்பதுதான் நம் நிலை என்றால், மரியாதையாகக் கேளுங்கள். வெளிச்சம், நேரம், தூரம், பயம். 'அப்போது உங்கள் கவனம் கத்தியின் மேலா, முகத்தின் மேலா?' என்ற கேள்விக்குப் பலர் நேர்மையாகவே பதில் சொல்வார்கள். பிறகு ஸ்டேஷனில் எத்தனை முறை கூப்பிட்டார்கள், யாரைக் காட்டினார்கள் என்று கேளுங்கள். துணை வாக்குமூலத்தில் இல்லாததைக் கோர்ட்டில் சேர்த்தால், முதலில் சாட்சியிடம் அந்த வரியைக் காட்டிக் கேட்டு, பிறகு புலன்விசாரணை அதிகாரியிடம் 'அப்படி உங்களிடம் சொல்லவில்லை' என்று பதிவு வாங்க வேண்டும். இரண்டாவது படியை மறந்தால் முதல் படி வீண்.

முதல் விசாரணை நாளில் 'பிறகு குறுக்கு விசாரணை செய்கிறோம்' என்று ஒத்திவைக்காதீர்கள். சாட்சியைத் திரும்ப அழைக்க பி.என்.எஸ்.எஸ். 348இல் மனு போட்டு அலைவதும், அதற்குள் சாட்சி பிறழ் சாட்சியானதாகப் பழி வருவதும் எதிரிக்குத்தான் கேடு.

பி.என்.எஸ்.எஸ். 351இன்படி, சாட்சியத்தில் எதிராக வந்தவை பற்றி எதிரியிடம் கோர்ட் கேள்வி கேட்கும்; அதில் கேட்காத சூழ்நிலையை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஆனால் நாமே 'பொய்' என்று ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவைத்தால் நம் வாதத்துக்கு இடமே இல்லாமல் போகும். எழுத்து மூலமாகப் பதில் தாக்கல் செய்யலாம். பொருள் கைவசம் வந்ததற்கு விளக்கம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

புதுவக்காலத்து

குற்றப்பத்திரிகை நகல் வந்ததும் முதலில் எதைத் தேடுவது?

மகஜர்_வாசகன்

எஃப்.ஐ.ஆரின் கடைசிப் பக்கத்தில் மாஜிஸ்திரேட் போட்ட தேதியும் நேரமும். சம்பவம் திங்கள் இரவு, எஃப்.ஐ.ஆர். திங்கள் இரவு 11 மணி என்று இருக்கும். கோர்ட்டுக்கு வந்தது புதன் மாலை என்று இருக்கும். எதிரியை வீட்டிலிருந்து கூட்டிப்போனது செவ்வாய் என்று குடும்பத்தார் எழுதிக்கொடுத்த தாளை அதன் பக்கத்தில் வையுங்கள். அங்க அடையாளங்கள் எஃப்.ஐ.ஆரில் அவ்வளவு துல்லியமாக இருப்பது ஏன் என்ற கேள்வி அப்போது எழும். பிறகு, வழக்கில் சேர்க்காமல் விட்ட ஆவணங்களின் பட்டியலைக் கேட்டு ஒரு மனு போடுங்கள். முதலில் பிடித்து விசாரித்து விட்டுவிட்ட வேறு யாராவது இருந்தால், அவர்களின் வாக்குமூலம் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.